ஆள் வருது

வெள்ளி கிரகத்து மேகங்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருக்கும் நீள்வடம் என்ற ஊரில், காலையில் இருவர் எதிர்ப்பட்டால் "சாப்டீங்களா?" என்று கேட்டுக்கொள்வதில்லை. "இன்னிக்கு நீங்க எந்த நம்பர்?" என்றுதான் கேட்பார்கள். கேட்கப்பட்டவர் தன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்து, அங்கே ஒளிரும் எண்ணைப் படித்துச் சொல்வார். நினைவில் இருப்பதைச் சொல்லலாம் என்று துணிந்து போன வார எண்ணைச் சொன்னவர்களின் இட்லி மாவு வேறு யாருடைய வாசலிலோ போய் இறங்கும். அதை வாங்கிக்கொண்டவர்கள் திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை.

அந்த ஊரில் யாருக்கும் நிரந்தர முகவரி கிடையாது. எல்லாமே பெரிய பலூன்களுக்கு அடியில் தொங்கும் மிதவீடுகள். குடும்பத்தோடு வீட்டையும் ஓட்டிக்கொண்டு அமில மேகங்களுக்குள் போவார்கள். அமிலத்தைக் காய்ச்சித் தண்ணீர் பிரிப்பார்கள். சில வாரங்கள் கழித்து ஊருக்குத் திரும்பி, எங்கே காலி இருக்கிறதோ அங்கே வடத்தில் கொக்கியை மாட்டிக்கொள்வார்கள். வடம் என்பது ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவுக்குப் பருத்த, கண்ணுக்கு எட்டியவரை நீண்ட ஒரு குழாய். சுவாசிக்கும் காற்று, தண்ணீர், மின்சாரம், பேச்சு, சினிமா, பக்கத்து வீட்டு ரசம் எல்லாம் சிப்பம் சிப்பமாக அதற்குள் ஓடும். ஒவ்வொரு சிப்பத்தின் தலையிலும் ஓர் எண் ஒட்டியிருக்கும். அந்த எண்ணுள்ள வீட்டு வாசலில் சிப்பம் நிற்கும். எண் இல்லாத வீடு என்று ஒன்று இருந்தால், அதைக் கண்டுகொள்ளாமல் ஓடிவிடும். காற்றுக்கும் இதே சட்டம்தான், வீட்டிலிருந்து வடத்துக்குள் இறங்கும் கதவுக்கும் இதே சட்டம்தான்.

எண் எப்படிக் கிடைக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அந்த ஊர்க்காரர்களின் பெருமை நமக்கும் புரியும். வடத்தில் கொக்கி விழுந்ததும் வீடு முதலில் ஒரு கூவல் போடும். யாரிடம் கேட்பது என்று அதற்குத் தெரியாது. தெரியாத ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கியவன் பொதுவாகக் குரல் கொடுப்பதைப் போல, "நான் வந்திருக்கிறேன், எனக்கு ஓர் எண் தருவார் உண்டா?" என்று வடம் முழுக்கக் கேட்கும்படி கத்தும். வடத்தின் தலைப்பில் இருக்கும் வழங்கி என்ற இயந்திரம் காலியாக உள்ள ஓர் எண்ணை எடுத்து, "இது இருக்கிறது, வேண்டுமா?" என்று கேட்கும். "வேண்டும்" என்று வீடு சொல்லும். "உனக்கே. இன்ன காலம் வரை" என்று வழங்கி முடித்துவிடும். அந்தக் காலத்தில் பாதி கழிந்ததும் வீடே ஞாபகமாக, "நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்" என்று சொல்லிக் குத்தகையை நீட்டித்துக்கொள்ளும். ஊரைவிட்டுப் புறப்படும்போது எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும். மனிதர்கள் இதில் ஒரு துரும்பைக்கூட அசைக்க வேண்டியதில்லை. அதனால்தான் இத்தனை வருஷங்களாக ஒழுங்காக நடந்துவந்தது.

வீடுகளின் எண்ணிக்கையைவிட எண்கள் குறைவு. வடம் தாங்கக்கூடிய காற்று அவ்வளவுதான். ஆனாலும் பற்றாக்குறை வந்ததில்லை, ஏனென்றால் எந்த நேரத்திலும் கொஞ்சம் வீடுகள் மேகத்தில் இருக்கும். மேகத்திலேயே நிற்க வேண்டிய காவல் வேலைக்காரர்கள் தவிர மற்ற எல்லோரும் ஒரே நாளில் திரும்பி வந்தாலும் போதும், மிச்சமும் இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் வடத்தை இழுத்திருந்தார்கள். கணக்கு மிகச் சரியான கணக்கு. போட்டவர்கள் பொறியாளர்கள். அவர்கள் காற்றை யோசித்தார்கள், காந்தப் புயலை யோசித்தார்கள், அமில மழையை யோசித்தார்கள். நம் ஜனங்களை யோசிக்கவில்லை.

இன்னொரு சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். கொடுத்த எண்ணை வழங்கியால் பிடுங்க முடியாது. ஊர் தொடங்கிய புதிதில் ஒரு தலைவர், தனக்கு ஓட்டுப் போடாத வீடுகளின் எண்களை ரத்து செய்து அவர்களை மூச்சுத் திணற வைத்தார். அதன்பிறகு அந்த வசதியையே இயந்திரத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். எண்ணை வைத்திருப்பவர் தானாக விட்டால்தான் உண்டு.

வழங்கியைக் காப்பவர் இன்பவல்லி. நாற்பதைத் தாண்டிய வயது, கணீரென்ற குரல், எதிலும் சந்தேகமே வராத முகம். வடத்தின் தலைப்பிலேயே அவளுக்கு அலுவலகமும் அதை ஒட்டி ஒரு சின்னக் குடியிருப்பும் இருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றிப் பார்க்க வந்தால் இயந்திரத்தைத் தட்டிக் காட்டி, "இதுக்கு மூஞ்சி தெரியாது. இங்க சிபாரிசு செல்லாது. முதல்ல யார் குரல் காதுல விழுதோ அவங்களுக்குத்தான் நம்பர். பூமியில எத்தனையோ ராஜ்ஜியம் இருந்துச்சு, இவ்வளவு நியாயமா ஒண்ணு நடந்ததில்ல" என்று சொல்வாள். பிள்ளைகள் கை தட்டுவார்கள்.

வடத் திருநாள் அன்று அந்த நியாயம் திண்டாடிவிட்டது.

வடத்தை முதன்முதலில் இழுத்துக் கட்டிய நாளை ஊரே கொண்டாடும். மேகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அன்றைக்கு ஊருக்கு வந்துவிட வேண்டும் என்பது வழக்கம். காலையிலிருந்தே மிதவீடுகள் வரிசை வரிசையாக வந்து கொக்கி மாட்டிக்கொண்டிருந்தன. இன்பவல்லி புதுப் புடவை கட்டிக்கொண்டு, கையில் காபியுடன், வழங்கியின் பலகையில் காலி எண்கள் குறைவதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் வந்து சேர்வதற்கு வெகு நேரம் முன்பே பலகை பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. அடுத்த வீடு கூவியது. வழங்கி அதுவரை யாரிடமும் சொல்லியிராத ஒன்றைச் சொன்னது.

"மன்னிக்கவும். எண் இல்லை."

அதற்கு அடுத்த வீடும் கூவியது. அதற்கும் அதே பதில். சற்று நேரத்தில் நாற்பது சொச்சம் வீடுகள் வடத்தில் கொக்கியை மாட்டிக்கொண்டு, காற்று இல்லாமல், தத்தம் தொட்டியில் மிச்சம் இருந்ததைச் சுவாசித்துக்கொண்டு, விடாமல் கூவிக்கொண்டிருந்தன. எண் இல்லாத வீட்டோடு தனியாகப் பேச வழி கிடையாது. பொதுக்கூவல் ஒன்றுதான் வழி. அதில் பேசினால் ஊர் முழுக்கக் கேட்கும். ஆகவே ஊர் முழுக்கக் குழந்தைகளின் அழுகையும் பெரியவர்களின் வசவும் கேட்டன.

இன்பவல்லி காபியை வைத்துவிட்டு மூச்சுக் கணக்கைத் திறந்தாள். எந்த எண் எவ்வளவு காற்றை உறிஞ்சுகிறது என்று அது காட்டும். பார்த்தால், ஏராளமான எண்கள் மூச்சே விடவில்லை. வீடு இருக்கிறது, குத்தகை நீள்கிறது, "நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்" என்ற பதிலும் தவறாமல் வருகிறது. ஆனால் உள்ளே ஒருவரும் சுவாசிக்கவில்லை. இது என்ன என்று புரிய அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

அவை பொய்க்கூவிகள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டி. வீட்டுச் சுவரில் செருகினால் அதுவும் ஒரு தனி வீடு என்று வழங்கியை நம்ப வைத்து ஓர் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளும். ஊருக்கு வரப்போகிற சொந்தக்காரர்களுக்காக முன்கூட்டியே இப்படிப் போட்டு வைப்பார்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்ட பிறப்பு எண் ஒன்று உண்டு, அதன் பேரில்தான் குத்தகை. அதனால் பெட்டியின் எண்ணை அப்படியே வீட்டுக்கு மாற்றிவிட முடியாது. சொந்தக்காரர் வந்து கொக்கி மாட்டியதும் பொதுக்கூவலிலேயே ஜாடையாகப் பேசிக்கொண்டு, "நான் விடறேன், நீ பிடி" என்று இவர் பெட்டியின் பொத்தானை அழுத்த வேண்டும். அது இவருடைய கட்டைவிரலுக்கு மட்டும்தான் மசியும். அந்தக் கணத்தில் அவருடைய வீடு கூவி எண்ணைப் பிடித்துக்கொள்ளும். மற்ற நாட்களில் வேறு யாரும் கூவாததால் இது கச்சிதமாக நடந்துவிடும். முதலில் நாலைந்து பேர் செய்தார்கள். அவர்கள் செய்வதைப் பார்த்து, நாம் செய்யாவிட்டால் நம் ஆளுக்குக் கிடைக்காமல் போய்விடும் என்று மற்றவர்களும் செய்தார்கள்.

பொதுக்கூவலில் தெரிந்த குரல் ஒன்று கேட்டு இன்பவல்லி நிமிர்ந்தாள்.

"அக்கா, நான்தான் தாமரை. வால் பக்கம் கொக்கி மாட்டியிருக்கோம். நம்பர் இல்லைங்குது. எதிர்க்காத்துல வந்ததுல தொட்டி பாதிக்கும் கீழ போயிடுச்சுக்கா."

தாமரைச்செல்வி அவளுடைய ஒரே தங்கை. கணவன் கோவேந்தனோடு தெற்கு மேகத்தில் இருந்தாள். ஊரிலிருந்து ஆகத் தொலைவான மூலை அது. வெளியே நிற்கிறவர்களில் மிகக் குறைந்த காற்றோடு நிற்பவள் அவள்தான். திரும்பிப் போகவும் முடியாது.

"பயப்படாத. அக்கா இருக்கேன்ல. இதோ முடிச்சுடறேன்" என்றாள் இன்பவல்லி. அவளுக்கு அந்த நிமிஷத்தில் உண்மையாகவே அந்த நம்பிக்கை இருந்தது. ஊர்க்காரர்களிடம் விஷயத்தை எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தாள். போனில் சொன்னால் தட்டிக் கழிப்பார்கள், நேரில் போனால் முடியாது என்று வடத்துக்குள் இறங்கி நடந்தாள்.

முதலில் ஊர்த் தலைவர் அம்பலவாணன் வீடு. வாசலில் தோரணம், உள்ளே கேசரி வாசனை.

"தலைவரே, உங்க வீட்டுல ரெண்டு நம்பர் ஓடுது. ஒண்ணுதான் மூச்சு விடுது."

அம்பலவாணன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அது வந்து... ஆள் வருது வல்லிம்மா."

இந்த இரண்டு வார்த்தைகளைப் பற்றிப் பூமியில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டு, பின்னால் ஏறியவனிடம் இதே இரண்டு வார்த்தையைச் சொன்னவர்களின் வம்சம்தான் கப்பலேறி வெள்ளிக்கு வந்தது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் பயணத்தில் எத்தனையோ சாமான்களை எடை அதிகம் என்று கழித்துவிட்டார்கள். இதற்கு எடை இல்லை என்பதால் கூடவே வந்துவிட்டது.

"யாரு வராங்க?"

"என் மச்சான் சிவக்கொழுந்து. குழந்தை குட்டியோட வரான். வந்து நம்பர் இல்லாம நின்னா நல்லாவா இருக்கும்?"

"அவரு வந்து நம்பர் இல்லாமதான் நிக்கிறாரு. நீங்க பொதுக்கூவல் கேக்கலையா? அவருக்குப் போக வேண்டிய நம்பர் உங்க பரண்ல கிடக்குது தலைவரே."

அம்பலவாணன் இதை யோசித்துப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. "அப்ப நான் விட்டுட்டா அவனுக்குக் கிடைச்சுடும்?"

இன்பவல்லிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "யாரு கூவுறது முதல்ல போய்ச் சேருதோ அவங்களுக்குக் கிடைக்கும்."

"பாத்தீங்களா! நான் விட்டு, எவனோ ஒருத்தன் உள்ள வந்து, என் மச்சான் வெளியில தொங்குவான். அப்புறம் என் பொண்டாட்டி என்னை இந்த வீட்டுல வெச்சிருப்பாளா?"

"எல்லாரும் விட்டா எல்லாருக்கும் கிடைக்குமே!"

"அதான் சரி. நியாயமான பேச்சு. எல்லாரும் விடட்டும், நானும் விட்டுடறேன்."

அடுத்து ரெஜினா டீச்சர் வீடு. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பொது ஒழுக்கம் கற்றுக்கொடுத்தவர். வெளியே நிற்கும் குழந்தைகளை நினைத்து அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஒரு பெரிய சிப்பம் நிறைய முறுக்கு கட்டிக்கொண்டிருந்தார்.

"பசியோட நிக்குதுங்க பாவம். இதை அனுப்பி வெச்சுடு வல்லி."

"நம்பர் இல்லாத வீட்டுக்கு எப்படி டீச்சர் அனுப்பறது? உங்ககிட்ட இருக்கறதை விட்டீங்கன்னா..."

"விடறதுக்கு எனக்கு என்னம்மா? என் தம்பிக்குத்தான் போட்டு வெச்சேன், அவனும் வெளியில நிக்கிறான். ஆனா தலைவர் வீட்டுல ஒண்ணு இருக்காமே, அவரைக் கேட்டியா? அவரு விட்டுட்டாரா?"

ஏழெட்டு வாசல்கள் ஏறி இறங்கிய பிறகு இன்பவல்லிக்கு ஒன்று தெளிவாயிற்று. வெளியே யாரும் அநாதையாக நிற்கவில்லை. கூவிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஊருக்குள்ளே யாரோ ஒரு பாசமுள்ள சொந்தக்காரர் ஓர் எண்ணைப் பத்திரமாகப் பிடித்து வைத்திருந்தார். அப்படிப் பிடித்து வைத்ததால்தான் அவர்கள் வெளியே நின்றார்கள். ஊரில் பாசம் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் எல்லோரும் எப்போதோ உள்ளே வந்து கேசரி சாப்பிட்டிருப்பார்கள்.

அலுவலகத்துக்கு ஓடிவந்து வடம் முழுக்க அறிவிப்புச் செய்தாள். விஷயத்தைப் புட்டுப் புட்டு வைத்தாள். கணக்குப்படி எல்லோருக்கும் எண் உண்டு என்றாள். "நான் மூணு எண்ணுவேன். எல்லாரும் ஒரே நேரத்துல பொத்தானை அமுக்கிடுங்க. யாருக்கும் நஷ்டமில்ல. சரியா?" என்று கேட்டாள். சரி சரி என்று வடமெங்கும் குரல்கள் வந்தன. அம்பலவாணனின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"ஒண்ணு. ரெண்டு. மூணு!"

பலகையில் பூஜ்யம் அப்படியே இருந்தது. மற்றவர்கள் அழுத்துகிறார்களா பார்த்துவிட்டு அழுத்தலாம் என்று ஊர் முழுக்கப் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக் காத்திருந்தது. ஒருவர்கூட ஏமாறத் தயாராக இல்லை.

இன்பவல்லியும் அழுத்தவில்லை. ஆம், அவளிடமும் ஒன்று இருந்தது.

அதைச் சொன்னது தாமரைதான், அதுவும் பொதுக்கூவலில். களைத்துப் போன குரலில் அவள் பேசினாள். "அக்கா, நான் ஊர்ல இருந்து கிளம்பறப்பவே எனக்குன்னு ஒண்ணு போட்டு வெச்சுட்டேன்னு சொன்னியே. பருப்பு டப்பாவுக்குப் பின்னாடி. அது என்னக்கா ஆச்சு? முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சு. அவரு பேசாமப் படுத்துக்கிட்டாரு, மூச்சு கம்மியாச் செலவாகட்டும்னு."

அம்பலவாணன் தொண்டையைச் செருமினார்.

"வல்லிம்மா... உங்ககிட்டயுமா?"

இன்பவல்லிக்கு உடம்பெல்லாம் கூசியது. வழங்கிக்கு மூஞ்சி தெரியாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். ஊரையே குறை சொல்லிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய நேரமெல்லாம் அவளுக்கு அந்தப் பெட்டி ஞாபகத்தில் இருந்தது. எல்லோரும் விட்டபிறகு, கூட்டம் குறைந்தபிறகு, தங்கைக்கென்று குறிபார்த்து விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தாள். ஊரில் மற்ற எல்லோரும் நினைத்ததும் அதேதான்.

சமையலறைக்குப் போய்ப் பெட்டியை எடுத்தாள். இப்போது விட்டால் அந்த எண் தாமரைக்குக் கிடைக்காது என்பது அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. தாமரை வால் பக்கம் இருக்கிறாள். அவளுடைய கூவல் வடத்தின் முழு நீளத்தையும் ஓடி வருவதற்குள் பக்கத்தில் இருப்பவர்களின் கூவல் வந்து சேர்ந்துவிடும். ஆனால் பிடித்து வைத்திருந்தாலும் அவளுக்குப் பயனில்லை. வைத்திருந்தால் ஒருவருக்கும் இல்லை, விட்டால் யாரோ ஒருவருக்காவது உண்டு. இவ்வளவு எளிய கணக்கையும் அவள் இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். தங்கையின் மூச்சை எடுத்து முன்பின் தெரியாதவன் கையில் கொடுப்பதைப் போல இருந்தது.

"தாமரை, என்னை மன்னிச்சுடு" என்று சொல்லிவிட்டு ஊர் கேட்கப் பொத்தானை அழுத்தினாள்.

"இது இருக்கிறது, வேண்டுமா?" என்றது வழங்கி. "உனக்கே."

"கிடைச்சுடுச்சு! எங்களுக்குக் கிடைச்சுடுச்சு!" என்று ஓர் ஆண் குரல் கத்தியது. சிவக்கொழுந்து. அம்பலவாணனின் மச்சான்.

ஊரே காதைத் தீட்டிக்கொண்டு தலைவர் வீட்டைக் கவனித்தது. அவருடைய ஆள் உள்ளே வந்தாயிற்று. பரணில் இருக்கும் பெட்டிக்கு இனி வேலை இல்லை. பொதுக்கூவல் திறந்திருப்பதை மறந்துவிட்டு அவருடைய மனைவி கிசுகிசுப்பது எல்லோருக்கும் கேட்டது. "இருக்கட்டுங்க. ஒருவேளை எங்க சித்தப்பா வந்தாலும் வருவாரு."

"அக்கா, வாயை மூடு!" என்று சிவக்கொழுந்து அலறினான். "மாமா, நான் வந்துட்டேன், அதை விடுங்க. வால் பக்கம் ஒரு வீடு மூச்சுக்குத் தவிக்குது, காதுல விழலையா?"

அம்பலவாணன் விட்டார். அந்த எண் ரெஜினா டீச்சரின் தம்பிக்குப் போயிற்று. டீச்சர் உடனே விட்டார், இரண்டு வைத்திருந்ததையும் விட்டார். அதில் வந்தவர்களின் சொந்தக்காரர்கள் விட்டார்கள். அதன்பிறகு தன் ஆள் வருவதற்கு முன்பே விட்டவர்களும் இருந்தார்கள். ஒருவர் முதலில் ஏமாந்துவிட்டால் மற்றவர்கள் பின்னால் ஏமாறுவது அவ்வளவு கஷ்டமில்லை. பலகையில் எண்கள் தோன்றித் தோன்றி மறைந்தன. வழங்கி மூச்சுவிடாமல் "உனக்கே, உனக்கே" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு எண்ணும் தாமரையைத் தாண்டியே போயிற்று. இன்பவல்லி பெட்டியைக் கையில் பிடித்தபடி பலகையைப் பார்த்து நின்றாள். "தாமரை, பேசு. ஒரு வார்த்தை பேசு" என்றாள். பதில் இல்லை. வீடு மட்டும், தன்னுள் இருப்பவர்களின் நிலை எதுவும் தெரியாமல், அதே மரியாதையுடன் கூவிக்கொண்டே இருந்தது. மற்ற கூவல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கடைசியில் அது ஒன்றுதான் மிஞ்சியது.

"இது இருக்கிறது, வேண்டுமா?"

"வேண்டும்."

"உனக்கே."

மூச்சுக் கணக்கில் புதிய எண் ஒன்று குப்பென்று காற்றை இழுத்தது. ஒரு கணம் கழித்து இன்னொரு மூச்சும் சேர்ந்துகொண்டது. இன்பவல்லி அப்படியே தரையில் உட்கார்ந்து, புதுப் புடவை நனைய அழுதாள். நடுநடுவே சிரித்தாள்.

"அண்ணி, ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்" என்றான் கோவேந்தன்.

திருநாள் அதற்குப்பிறகுதான் களைகட்டியது. ஊர்க் கூட்டம் கூடி, இனி ஒருவரும் பொய்க்கூவி போடுவதில்லை என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அம்பலவாணன் கண்ணீர் மல்கப் பேசினார். பொறியாளர்களின் கணக்கு கடைசியில் சரியாகத்தான் இருந்தது. எல்லோரும் உள்ளே வந்தபிறகும் பலகையில் கணிசமான எண்கள் காலியாகக் கிடந்தன.

மாலையில் தாமரை வடம் வழியாக நடந்து அக்காவின் அலுவலகத்துக்கு வந்தாள். முகம் வெளிறியிருந்தாலும் கண்ணில் பழைய குறும்பு வந்துவிட்டிருந்தது. இருவரும் வெகுநேரம் கட்டிக்கொண்டு நின்றார்கள். இன்பவல்லி காபி கலந்து கொடுத்தாள். தாமரை இரண்டு வாய் குடித்துவிட்டுப் பலகையை அண்ணாந்து பார்த்தாள். கதவு மூடியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"ஏங்க்கா, இவ்வளவு காலியா இருக்கே. எல்லாரும் விட்டுட்டாங்களா?"

"விட்டுட்டாங்க. ஊரே விட்டுடுச்சு."

"அப்ப இப்பவே நம்ம ஒண்ணு ரெண்டு போட்டு வெச்சுட்டா என்ன? நாளைக்குக் காவல் முடிஞ்சு எங்க மாமியார் வீட்டு ஆளுங்க வராங்க."

இன்பவல்லிக்குக் கோபம் தலைக்கேறியது. "அறிவிருக்காடி உனக்கு? மத்தியானம் எந்த நிலைமையில கிடந்தே? இன்னும் மூச்சுகூடச் சரியா வாங்கல, அதுக்குள்ள..."

பேச்சு பாதியில் நின்றது. அவள் கண் பலகையில் இருந்தது. காலி எண்களில் ஒன்று குறைந்தது. வடத்துக்கு வெளியே ஒரு வீடும் இல்லை, யாரும் புதிதாக வந்து கொக்கி மாட்டவும் இல்லை. மூச்சுக் கணக்கில் அந்த எண் சுவாசிக்கவும் இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று குறைந்தது. பிறகு சேர்ந்தாற்போல் மூன்று.

இன்பவல்லி குரலைத் தாழ்த்தி, "எத்தனை பேர் வராங்க?" என்று கேட்டாள்.